ஒரே தேதியில் போன சிநேகிதர்கள்

பேய், ஆவி, செத்தவர் திரும்பி வருவது, இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆபீஸ் கிளார்க்காக நான் இருந்த காலத்தில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது, அதில் ஒருத்தி இருக்கிறாள் என்று பயந்து எல்லோரும் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் வேண்டுமென்றே அதன் அடியில் நின்று சுருட்டுப் பிடித்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நடந்ததும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

எனக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. பெரிய மனிதர்கள் இறந்த தேதிகளைச் சேர்ப்பது. எந்த ராஜா எந்தத் தேதியில் போனார், அதே தேதியில் வேறு எந்தக் கவி, எந்த மகான் போனார் என்று பத்திரிகைகளிலும் பழைய புத்தகங்களிலும் தேடி மனப்பாடம் செய்து வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் படிப்பகத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள், அவர்களுக்குக் கதை மாதிரி சொல்வேன். எல்லோரும் ஆச்சரியப்படுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

அங்கே தவறாமல் வருகிறவர் மருதப்பண்ணன். ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர், எனக்கு மூன்று வீடு தள்ளி மகள் அஞ்சலையோடு இருந்தார். படிக்கத் தெரியாது, ஆனால் முன் பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். ஒரு நாள் நான் ஜூலை நாலாம் தேதியைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்கா தேசத்தை உண்டாக்கியவர்களில் இரண்டு பேர், இருவரும் ஜனாதிபதியாக இருந்தவர்கள், முதலில் உயிர்ச் சிநேகிதர்கள், அப்புறம் அரசியலில் முறைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தார்கள், கிழவர்களான பிறகு கடிதம் எழுதிச் சமாதானமாகி, கடைசியில் அந்த தேசம் சுதந்திரத்தைக் கொண்டாடுகிற அதே ஜூலை நாலில், ஒரே வருஷத்தில், சில மணி நேர இடைவெளியில் இருவருமே போய்விட்டார்கள். சில வருஷம் கழித்து இன்னொரு ஜனாதிபதியும் அதே தேதியில். நம் தேசத்துத் துறவி ஒருவர், அந்த அமெரிக்காவுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தவர், அவரும் அதே தேதியில். முதலில் சொன்ன இரண்டு சிநேகிதர்களில் பின்னால் போனவர், தன் சிநேகிதன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாராம், உண்மையில் அவர் சிநேகிதர் அன்று மத்தியானமே போய்விட்டிருந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகும் மருதப்பண்ணன் எழுந்திருக்கவில்லை.

"ஏன் தம்பி, அந்த மனுசனுக்கு யாரும் சொல்லலையா?"

"எப்படிண்ணே சொல்றது? தந்தி இல்லாத காலம். செய்தி போக நாள் கணக்காகும்."

"பாவம்லா," என்றார். "தெரியாமலே போயிட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு அவர் வரவில்லை. கிள்ளானுக்கு ரயில் ஏறிப் போயிருந்தார். அங்கே துணிக்கடை வைத்திருந்த காதர் பாயைப் பார்க்க. இருவரும் இளவட்டமாக நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறி, ஒரே பாயில் படுத்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அஞ்சலை கல்யாணத்தில் காதர் பாய் பந்தலிலேயே, "மருதா, மாப்பிள்ளை குடிகாரன்டா, வேண்டாம்டா," என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் நடுவில் மானம் போனதென்று இவர் அவரைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பினார். பாய் சொன்னதுதான் நடந்தது, இரண்டு வருஷத்தில் அஞ்சலை பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் சொன்னது சரியாகிவிட்டது என்பதாலேயே இவரால் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை. என் கதை அதை மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் இவர் கிள்ளான் போவார், மறு வாரம் பாய் பிரிக்பீல்ட்ஸ் வருவார். இரண்டு கிழவர்களும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பையன்கள் மாதிரி சிரிப்பார்கள். பாய் என்னைக் கண்டால் விடமாட்டார். "தம்பி, எங்களுக்கும் அந்தத் தேதியே போட்டுக் குடுங்க, ஜனாதிபதிங்க கூடப் போறதுன்னா சும்மாவா?" என்பார். நானும் சிரித்துக்கொண்டே, "போட்டாச்சு பாய்," என்பேன்.

போட்டாச்சு என்று சொன்னது நான்தான். அதை மறக்க முடியவில்லை.

மறு வருஷம் மருதப்பண்ணன் படுக்கையில் விழுந்தார். கால் வீக்கம், மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காதருக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்கிட்ட மறைக்காத. எனக்கு உடம்பு முடியலன்னு பார்க்காத. அந்த வெள்ளைக்காரன் மாதிரி நான் தெரியாமப் போகக்கூடாது. சொல்லுவியா?"

"சொல்றேண்ணே," என்றேன். அவர் விடவில்லை, மறுபடியும் சொல்ல வைத்தார். சொன்னேன்.

ஜூலை நாலு வந்தது. சத்தியமாக எனக்கு அன்று தேதி ஞாபகமே இல்லை. முந்தின நாளிலிருந்து அண்ணனுக்கு மூச்சு மோசமாக இருந்ததால் லீவு சொல்லிவிட்டு, அவர் கட்டில் பக்கத்தில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் யாரோ அஞ்சலையோடு பேசுகிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். காதர் பாயின் தங்கை மகன், அவர் கடையிலேயே வேலை பார்க்கிறவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா காலைல மௌத்தாயிட்டாங்க," என்றார். "திடீர்னுதான். மருதப்பண்ணனுக்கு முதல்ல சொல்லணும்னு மாமி என்னைய அனுப்புனாங்க."

அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்து வேலிப்பக்கம் கொண்டு போனாள். அழவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, அப்பாகிட்ட சொல்லாதீங்க. இதைக் கேட்டா இப்பவே உசுரு போயிரும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"வாக்குக் குடுத்திருக்கேன் தங்கச்சி."

"எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தருதான்."

இதற்கு நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"யாரு வந்தது?"

"ரொட்டிக்காரன்ணே."

"இன்னைக்கு தேதி என்ன?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "நாலு," என்றேன்.

"காதர் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காருண்ணே. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிவிட்டிருக்காரு."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு என் தோளுக்கு மேலே, கதவுப் பக்கம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"எந்திரி தம்பி," என்றார். "அவன் உக்காரட்டும்."

"யாருண்ணே?"

"எந்திரிலா. எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கான். அஞ்சல, ஒரு துண்டு கொண்டாம்மா, இவன் காலெல்லாம் ஈரமா இருக்கு பாரு."

அப்போது மழை இன்னும் விழத் தொடங்கவில்லை. நான் எழுந்து சுவரோரம் போய் நின்றேன். நம்பினேன் என்று இல்லை, சாகப்போகிற மனிதர் சொல்கிறார், எப்படி மறுப்பது? அஞ்சலை துண்டோடு வந்து, என்னைப் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அந்த நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கப்பல், அலை, எங்கேயோ திருடித் தின்ற மாம்பழம், என்னென்னவோ. நடுநடுவே நிறுத்துவார், பதில் கேட்பது மாதிரி தலையாட்டுவார், சிரிப்பார். மூச்சு வாங்குகிற மனிதர் எப்படி அத்தனை நேரம் பேசினார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. மழை பிடித்துப் பெய்து தகரக் கூரை அதிர்ந்தபோதும் அவர் குரலை உயர்த்தவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கேட்டால் போதும் என்பது போல.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இவன் வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு பாரு, தம்பி," என்றார். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. "அண்ணே," என்று கிட்டே போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கிள்ளானுக்குப் போனேன். காதர் பாயின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். விடியற்காலைத் தொழுகைக்காகக் கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், தொழுகைப் பாயை விரிக்கக் குனிந்தபடியே சாய்ந்துவிட்டாராம். "கால் ஈரங்கூடக் காயல தம்பி," என்றார் அந்த அம்மாள். கடைப்படியில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதேன், காதர் பாய்க்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். மருதப்பண்ணன் காதில் வாசல் பேச்சு விழுந்திருக்கும், மூச்சுத் திணறலில் உளறியிருப்பார், ஈரம் என்றது தற்செயல். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தேதி சேர்க்கும் பழக்கத்தை விட்டேன், படிப்பகத்தில் அதற்கப்புறம் பேசவில்லை. அஞ்சலை என்னைக் குறை சொன்னதே இல்லை, தன்னால்தான் என்று அவள் வேறு உருகுவாள்.

ஆனால் அவளிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அண்ணன் போன பிறகு அக்கம்பக்கத்தார் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள், நின்ற இடத்திலேயே நின்ற என்னை யாரோ பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்த பிறகு அதில் யாருமே உட்காரவில்லை. நான் சுவரோரம், அஞ்சலை தரையில். வந்தவர்களும் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பிரம்பு நாற்காலி, சூடு தங்குகிற சாமானா அது? மழைக் குளிரில் வீடே சில்லிட்டுக் கிடந்தது. நாற்காலி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது, வெகு நேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எனக்காக இப்போதுதான் எழுந்து இடம் விட்ட மாதிரி.