குப்பையில்லாக் காணி

துறைமுகக் கரையில் நான் தூண்டிலோடு குந்திய இடங்கள் ஏழு. ஏழிலும் யாராவது வந்து எழுப்பிவிட்டார்கள். எழுபத்துமூன்று வயதில் சொந்தக் கரையிலிருந்து மீன் பிடிக்கும் ஆசை அப்படித்தான் வந்தது.

"இஞ்ச படியேறவே ரெண்டு தரம் இருந்தெழும்பிறீங்கள். அங்க விழுந்தா ஆர் தூக்கிறது?" என்றாள் மனைவி.

கட்டைபறிச்சான் பக்கம், களப்பு நீரை ஒட்டிய அரை ஏக்கர் காணியைக் காட்ட மூதூர்த் தரகர் கூட்டிப் போனார். தென்னை பதினாறு; இரண்டு தரம் எண்ணினேன். நடுவில் இடிந்த வீட்டின் அத்திவாரம். உரிமையாளர் வெளிநாடு போய் முப்பது வருடமாம். ஆனால் மணல் முற்றம் கூட்டியிருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றின் வரிகள், தண்ணீர் வரை. ஒரு காலடி இல்லை.

"ஆர் தம்பி கூட்டினது?"

"காத்தாத்தான் இருக்கும் சேர்."

"காத்து வரி வரியாக் கூட்டுமோ?"

"குப்பை இல்லையெண்டு குறை சொல்ற ஆள இண்டைக்குத்தான் பாக்குறன்!"

வெள்ளிக்கிழமை காணியை வாங்கி உறுதிப்பத்திரம் எழுதுவதென்று முடிவாயிற்று. மனம் கேட்கவில்லை. புதன் பின்னேரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு ஓட்டோவில் தனியே போனேன். முற்றம் அன்றும் கூட்டியிருந்தது. அதன் மேலால் நடந்துபோய், கரையில் கதிரையைப் போட்டுத் தூண்டிலை எறிந்தேன். வேலிப் படலையிலிருந்து கதிரை வரை என் செருப்புத் தடம் அசிங்கமாகக் கிடந்தது.

மீன் கடிக்கவில்லை. எதிரே ஒன்பது கொக்குகள். ஒன்பதும் ஒன்றாக எழும்பிப் பறந்தன. பிறகு முதுகுக்குப் பின்னால் கேட்டது. சரக். சரக். அவசரமில்லாத, பழகிய கையின் சத்தம். திரும்ப நினைத்தேன், கழுத்து வரவில்லை. சத்தம் கதிரையருகே வந்து நின்றது.

நெடுநேரம் கழித்துத் திரும்பினேன். யாருமில்லை. என் தடங்களும் இல்லை. படலையிலிருந்து என் குதிக்கால் வரை வரிகள் மட்டும். நான் அங்கே வந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

அந்த வரிகளை மிதிக்கப் பயமாக இருந்தது. கதிரையைப் போட்டபடியே கரையில் விட்டுவிட்டு, தூண்டிலோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வேலியைச் சுற்றி வெளியேறினேன். வீட்டுக்கு வந்ததும் தரகருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏன் சேர், இடம் புடிக்கல்லையா?"

"நல்லாப் பிடிச்சிருக்கு தம்பி. ஆனா அது ஆளிருக்கிற காணி. எழுத ஏலாது."

"முப்பது வருசமா ஒருத்தரும் இல்ல சேர்!"

அடுத்த கிழமை அதை வேறொருவருக்குக் காட்டப் போனவர், அங்கிருந்தே அழைத்தார்.

"உங்கட கதிரை கிடக்கு சேர். மழைத்தண்ணி தேங்காம, அத்திவாரத்துல கவுத்து வெச்சிட்டுத்தான் போயிருக்கீங்க. கெட்டிக்காரன்!"

ஓம் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் ஆறு கதிரைகள் இருந்தன, இப்போது ஐந்து. துறைமுகக் கரையில் எட்டாவது இடம் பிடித்திருக்கிறேன். பின்னால் மதில் இருக்கிற இடமாகப் பார்த்து.