டோரத்தி நின்ற பக்கம்

அன்று காலை என் மாமனார் ரே முகத்தின் வலது பாதியை மட்டும் சவரம் செய்துகொண்டு சாப்பிட வந்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். தட்டின் இடப்பக்கம் இருந்த முட்டையைத் தொடாமலே இன்னும் பசிக்கிறது என்றபோதுதான் பயம் வந்தது.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போவது தடைபடுதல்). எங்கள் ஊரான லிவர்மோரின் மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர் மதுரைக்காரர். "கண்ணு நார்மல்தான். லெஃப்ட் சைடுன்னு ஒண்ணு இருக்கறதையே பிரெய்ன் கவனிக்கல. திட்டாதீங்க, அவர் வேணும்னு பண்ணல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. 1950களில் ரே கார்ப் பந்தயக்காரர். கடையில் விற்கிற சாதாரணக் காரையே பந்தயத்துக்கு மாற்றி, மண் பாதையில் வட்டமாக ஓட்டுவார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். நண்பர் ஒருவர் கார் கவிழ்ந்து இறந்ததும், கர்ப்பமாக இருந்த மனைவி டோரத்தி கேட்டுக்கொண்டதற்காக விட்டுவிட்டார். பிறகு மெக்கானிக் வேலை. டோரத்தி இறந்து ஆறு வருடமாகிறது.

தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தேடச் சொல்லிப் பழக்கினோம். உங்கள் வீட்டிலும் இப்படியென்றால் செய்து பாருங்கள். மெதுவாகத்தான் பலன் தெரியும்.

ஒரு மதியம் கண்ணை மூடி, பழைய பந்தயம் ஒன்றை எனக்குச் சொல்லத் தொடங்கினார். வலப்பக்கத்து வேலி, கேலரி, சோடாக் கடை எல்லாம் வந்தன. சட்டென்று நிறுத்தினார். இடப்பக்கம், பாதை சுற்றிவரும் நடு மைதானத்தில் லாரி மேல் ஏறி டோரத்தி நிற்பாள், அது தெரியும், ஆனால் அவளைக் காணவில்லை என்றார். நினைவிலும் இடப்பக்கம் போயிருந்தது.

டாக்டருக்கு போன் செய்தேன்.

"அதே டிராக்கை ஆப்போசிட் டைரக்ஷன்ல ஓட்டற மாதிரி நினைக்கச் சொல்லுங்க. அவங்க ரைட்ல வருவாங்க. கியாரண்டி கிடையாது."

ரே மறுத்துவிட்டார். எதிர்த்திசையில் ஓட்டினால் ஆளைக் கொல்லுமாம். இரண்டு நாள் கழித்து, பாதையில் வேறு யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார்.

கைகள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல உயர்ந்தன. இடது கை சற்றுத் தாமதமாக. பிறகு தலை வலப்பக்கம் திரும்பியது. டோரத்தி பச்சை ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறாளாம். தப்பான பக்கம் ஓட்டுகிறாய் என்று கத்துகிறாளாம்.

நிறுத்தவா என்று கேட்டேன். இன்னொரு சுற்று என்றார்.

எட்டு மாதமாகியும் அவருக்கு இடப்பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. மதியமானால் அவருடைய வலப்பக்கம் உட்கார்கிறேன். அவர் காலத்துக்கு எதிராக ஓட்டிப் போகிறார். தனியாக நடக்கும்போது நானும் என் இடது தோளுக்கு அப்பால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே யாருமில்லை என்று இப்போதெல்லாம் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை.