இருபத்தாறு டிகிரிக் கடல்

ரங்கநாயகிக்கு அருவருப்பு பிறவிக் குணம் இல்லை. வெள்ளகோவிலில் மாட்டுக் கொட்டகைக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நடுவே வளர்ந்தவள். சாணி அள்ளிய கையைக் கழுவிவிட்டு அப்படியே உட்கார்ந்து களி தின்றவள். எருமை ஈனும்போது பக்கத்தில் நின்று கன்றை இழுத்துப் போட்டிருக்கிறாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவளை, கோயமுத்தூர் சாய்பாபா காலனியில், மொசைக் தரை போட்ட சொந்த வீட்டில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடமாட வைத்த பெருமை அவள் புருஷன் திருமூர்த்தியையே சேரும்.

திருமூர்த்திக்கு அதே ஊரில் கணபதிப் பக்கம் பம்ப்செட் பட்டறை. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று ஊரே சொல்லும். இருந்திருந்தால் தேவலை. கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. எந்தச் சாமானைப் பார்த்தாலும், "இதென்னுங்க பெரிய சங்கதி, நம்ம பட்டறையிலயே பண்ணிப்போடலாம்" என்பார்கள். பாதி நேரம் பண்ணியும் விடுவார்கள். அதனால்தான் வியாதி தீருவதே இல்லை.

தொண்ணூற்றைந்தில் பம்ப்செட் கண்காட்சிக்கென்று சிங்கப்பூர் போனார். தங்கின ஓட்டலில் கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறையும் கடல் மீனும் இருந்ததாம். மனுஷன் கண்காட்சியைப் பார்த்தாரோ இல்லையோ, தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். எல்லார் வீட்டுக்காரரும் சேலை, சென்ட்டு, டேப்ரிக்கார்டர் என்று வாங்கிவந்தார்கள். இவர் பெட்டியிலிருந்து எடுத்தது தொட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற, முள் வைத்த ஒரு தெர்மாமீட்டர்.

பட்டறை லாரி பம்ப்செட் ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகும். திரும்பும்போது நீல டிரம்களில் கடல்தண்ணி ஏற்றிக்கொண்டு வரும். உக்கடத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த அக்பர் அலி, எங்கெங்கோ சொல்லிவைத்துப் பவள உயிர்கள் ஒட்டிய கற்களும், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்களும், சிவப்பு இறால்களும் வரவழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்:

"கல்லுல பூவாட்டம் இருக்குதே, அத்தனையும் உசுருங்கண்ணா. அதுகளுக்குச் சூடு மாறக்கூடாது. இருபத்தாறு டிகிரின்னா இருபத்தாறு. மத்தியானம் ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ஏறி எறங்குச்சுன்னா சுருங்கிப்போயிரும்."

அன்றைக்குப் பிடித்தது சனி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மார்கழி, தை வரைக்கும் வீடு தானாகவே குளுகுளுவென்று இருந்தது, தெரியவில்லை. பங்குனி பிறந்ததும் தொட்டி விளக்கின் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து முள் முப்பதைத் தாண்டியது. திருமூர்த்தி துடித்துப்போனார். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பட்டறையில் ஆர்டர் இருக்கிறது என்று போனவர் அவர்.

முதலில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டார். பிரிட்ஜ் முழுக்கப் பாட்டில். இட்லி மாவு வெளியே கிடந்து புளித்துப் பொங்கியது. பாட்டிலைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவாமலே மறுபடி பிரிட்ஜில் வைப்பார். பாலைக் காய்ச்சினால் பாலில் உப்பங்கழி வாசம். அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒருதரம் மீன் ஆக்கினாலும் கொல்லையில் தனி அடுப்பு மூட்டித்தான் ஆக்குவாள் ரங்கநாயகி. இப்போது காப்பியே கவுச்சி.

பிறகு தண்ணீர்ப்பரப்பை நோக்கி ஃபேன் வைத்தார். தண்ணி ஆறியது, ஆனால் ஆவியாகிக் குறைந்தது. குறைந்த அளவுக்குக் குடிக்கிற சிறுவாணித் தண்ணியைக் குடம் குடமாக ஊற்றினார். காற்றோடு பறந்த உப்பு, டி.வி. மேல், சாமி படத்தின் மேல், சோபா மேல் எல்லாம் பிசுபிசுவென்று படிந்தது. துடைத்த துணியை மோந்து பார்த்துவிட்டு அவள் குமட்டிக்கொண்டு ஓடினாள். அவர் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு, "இருபத்தெட்டுக்கு வந்துருச்சு அம்மணி!" என்றார்.

இருபத்தெட்டு போதுமா? மகள் சண்முகப்பிரியாவின் அறையில் ஒரு ஏசி இருந்தது. மகள்தான் கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையம் போய்விட்டாளே என்று அதைக் கழற்றி, ஹால் சுவரை இடித்து மாட்டினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் ஹால் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. ஒறம்பரை, சொந்தக்காரர் யார் வந்தாலும், "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால், "கதவச் சாத்திப்போட்டு வாங்க" என்பார். வந்தவர்களை இப்படியா வரவேற்பது? ரங்கநாயகிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதையும் பொறுத்தாள். பொறுக்க முடியாத சங்கதி சித்திரையில் வந்தது. சண்முகப்பிரியா மாசமாக இருந்தாள். வைகாசியில் ஏழாம் மாசம், கட்டுச்சோற்று விருந்து வைக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று விதவிதமாகக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற சடங்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ரங்கநாயகிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் முழுகாமல் இருந்தபோதே அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் வீட்டில், மாமனார் வாசலில் உட்கார்ந்திருக்கிறாரே என்ற கூச்சத்தில், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பெற்றாள். என் மகளாவது என் வீட்டில் வாய்விட்டுக் கத்திப் பெறட்டும் என்பது அவள் இருபத்திமூன்று வருஷத்து ஆசை. வேறு ஆசை எதையும் அவள் வாய்திறந்து கேட்டதில்லை.

"ஏனுங்க, புள்ளைக்கு வெயிலே ஆகறதில்லீங்க. கட்டுச்சோத்துக்கு முன்னால அந்த ஏசிய அவ ரூமுக்கே மாட்டிப்போடுங்க," என்றாள்.

"மாட்டிப்போடறேன். அதுக்கு முன்னால இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணோணுமல்லோ? வெளிநாட்டுல இதுக்குன்னே மிசினு இருக்குதாம். அதென்னுங்க பெரிய சங்கதி, நம்ம பட்டறையிலயே பண்ணிப்போடலாம்."

பண்ணிவிட்டார். பழைய பிரிட்ஜிலிருந்து கம்ப்ரசரைக் கழற்றி, நல்ல செம்புக் குழாயாகப் பார்த்து வாங்கிச் சுருளாக வளைத்து, சுருளை நேராகத் தொட்டித் தண்ணிக்குள்ளேயே இறக்கினார். செம்பைவிடச் சீக்கிரம் குளிர் கடத்துகிற சாமான் உண்டா? மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியே முடி நரைத்தவருக்கு இது தெரியாதா?

"செம்பு உள்ள கெடந்தா ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று அவள் கேட்டாள். ஏதோ தோன்றிக் கேட்டாள், அவ்வளவுதான்.

"செம்புக் கொடத்துத் தண்ணி குடிச்சா நோவே வராதுன்னு எங்கப்பன் சொல்லுவாரு. மனுசனுக்கு நல்லது மீனுக்கு ஆவாதா?" என்று சிரித்தார்.

முள் இருபத்தாறில் வந்து நின்றது. காலையிலும் அதே, மத்தியானமும் அதே. ஏசி மகள் அறைக்குப் போனது. ரங்கநாயகி அன்றைக்கு அறையைக் கழுவி, புதுப் படுக்கை விரித்து, பேறுகால மருந்துச் சாமான்களைச் சுத்தம் பண்ணி டப்பாவில் போட்டு வைத்தாள். கல்லில் பூவாக விரிந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. "குளுருக்குப் பழகுது," என்றார் திருமூர்த்தி. கட்டுச்சோற்றுக்கு முந்தின நாள் இறால் ஒன்று மல்லாந்து கிடந்தது. "தோல் உரிக்குது," என்றார். உப்புத்தண்ணியில் செம்பு கரையும், கரைந்தது இந்த உயிர்களுக்கு விஷம்; அக்பர் அலியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையிலடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். கடைக்காரனைக் கேட்டால் பட்டறைக்காரனுக்கு என்ன மரியாதை?

விடியக்காலையிலேயே ஹால் கதவு ஜன்னலெல்லாம் இறுக்கச் சாத்திவிட்டு, மகள் இருக்கிற கோபிக்குப் போனார்கள். விருந்து குறையில்லாமல் முடிந்தது. சாயங்காலம் இரண்டு காராகத் திரும்பினார்கள். பெண்ணைக் கொண்டுவந்து விட மருமகன் சுரேந்தரும் சம்பந்தியம்மா மாரியாத்தாளும் கூடவே வந்தார்கள். ரங்கநாயகி ஆரத்தி எடுக்க முன்னால் இறங்கி ஓடிக் கதவைத் திறந்தாள்.

நாற்றம் கையால் பிடித்துத் தள்ளினது போல வந்தது. வைகாசி வெயிலில் பகலெல்லாம் மூடிக்கிடந்த ஹாலில், தொட்டித் தண்ணி பாலாய் வெளுத்து, மேலே நுரை கட்டி, மீனும் இறாலும், கல் இடுக்கில் இருந்த புழுவும் வெடித்து மிதந்தன. கற்களிலிருந்து சளி வழிந்தது. அழுகின முட்டையும் சாக்கடையும் சேர்ந்த வாசம், சாமி படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரத்திலும் ஏறியிருந்தது. பின்னாலேயே வந்த சண்முகப்பிரியா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, தின்ற கட்டுச்சோறு அத்தனையும் கக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திருமூர்த்தி எங்கே? மகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்த் தொட்டி முன்னால் குனிந்து நின்றார். அங்கிருந்தே கத்தினார்:

"டிகிரி சரியாத்தான் இருக்குது! இருபத்தாறு! துளிகூட மாறுல!"

கட்டியவன் மேல் கோபம் வரலாம், வருத்தம் வரலாம். ரங்கநாயகிக்கு அந்த நிமிஷம் வந்தது வெறும் அருவருப்பு. செத்த மீன் மேல் இல்லை.

மாரியாத்தாள் மருமகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒரு சுடுசொல் இல்லை. கொங்கு நாட்டு மரியாதை கத்தியைவிடக் கூர்மை.

"பரவால்லீங்க சம்பந்தி. உங்குளுக்கு எதுக்குங்க செரமம்? எங்கூட்லயே வெச்சுப் பாத்துக்கறமுங்க. நீங்க மொதல்ல ஊட்டக் கழுவுங்க."

சுரேந்தர் காரைத் திருப்பினான். பெண் கொடுத்த இடத்தில் ஒரு வேளை விருந்துக்கு மேல் தங்குவது கவுரவக் குறைச்சல் என்று வளர்ந்தவள் ரங்கநாயகி. அவளே மருந்து டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டின சேலையோடு மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மணி, நீயும் போயிட்டா இதை ஆரு அள்ளறது?" என்று திருமூர்த்தி வாசலுக்கு வந்தார். அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஆடியில், கோபியில், பெண் குழந்தை பிறந்தது. "சத்தமே போடுலீங்க, தங்கமான புள்ளை," என்று மாரியாத்தாள் மருமகளை வாயாரப் புகழ்ந்தாள். ரங்கநாயகி கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து வெந்நீர் போட்டாள்.

தீட்டுக் கழிந்ததும் திருமூர்த்தி கார் கொண்டுவந்தார். வீட்டைப் பினாயில் போட்டு ஏழெட்டுத் தரம் கழுவியாயிற்று, மகள் அறையில் ஏசி ஓடுகிறது, மூன்று மாசமாவது குழந்தையும் தாயும் நம் வீட்டில் இருக்கட்டும் என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டிலும் சரி என்றார்கள். சண்முகப்பிரியா துணிமணி எடுத்து வைத்தாள். ரங்கநாயகி குழந்தையைத் துணியில் சுற்றிக் கார் வரைக்கும் வந்துவிட்டாள்.

திருமூர்த்தி பேத்தியின் கன்னத்தைத் தொட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"செம்புதான் கெடுத்துப்போடுச்சுன்னு அக்பர் அலி சொல்றாரு. அதான் இந்தத் தடவை ஸ்டீல் கொழாயில பண்ணச் சொல்லிப்போட்டேன். கொச்சித் தண்ணி நேத்தே வந்துருச்சு."

ரங்கநாயகி திறந்த கார்க் கதவைச் சாத்தினாள். குழந்தையை மகளிடம் கொடுத்து உள்ளே போகச் சொன்னாள். மகள் உள்ளே போனபின் நிதானமாகச் சொன்னாள்:

"அந்தத் தொட்டிய எடுத்துப்போட்டு ஆளனுப்புங்க. அன்னிக்கே மூணு பேரும் வந்தர்றமுங்க."

கேட்டது அவ்வளவுதான். பேத்தியா, உப்புத்தண்ணியா? திருமூர்த்தி சாவியைக் கையில் உருட்டினார். கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். மனுஷன் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.