கழுவித் தந்த போத்தல்கள்

2023 செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முற்றம் கூட்டி, கறிவேப்பிலைக்கும் செவ்வரத்தைக்கும் நான்கு வாளி தண்ணீர் விட்டேன். ஆறேகாலுக்குச் சைக்கிளில் சந்திக்குப் போய்ப் பத்து இடியப்பம் வாங்கினேன். கடைக்காரர் வாழையிலையில் சுற்றி நாரால் கட்டித் தந்தார். அதில் ஆறைச் சொதியுடன் சாப்பிட்டேன். நாலை மத்தியானத்துக்கு மூடி வைத்தேன். ஏழரைக்குப் பேனை, கொப்பி, தராசு மூன்றையும் எடுத்துக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் புறப்பட்டேன்.

அன்றைய நாட்குறிப்பின் முதல் பந்தி இவ்வளவுதான். இலையைப் பற்றி ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருக்கிறேன்: "கிழியவில்லை." அந்த ஒரு சொல்லுக்காக எட்டு மாதம் அலைந்திருந்தேன்.

எனக்கு வேலை தபாற்கந்தோரில். நீர்வேலிக்கும் புத்தூருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். வீதியோர வாய்க்கால்களில் சொப்பிங் பைகளும் சாப்பாடு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுகளும் அடைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்த வருடத் தொடக்கத்தில் இரண்டு வேலைகளை ஏற்றுக்கொண்டேன். ஒன்று, கடைகளை வாழையிலைக்குத் திருப்புவது. மற்றது, மாதத்தின் முதல் ஞாயிறு வீடுகளிலிருந்து பிளாஸ்ரிக்கைச் சேர்த்து, அதை எடுக்கும் வண்டிக்கு ஏற்றிவிடுவது.

சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் இலகுவில் இணங்கவில்லை.

"இலை கிழிஞ்சு சொதி ஆரோ ஒருத்தற்றை வேட்டியிலை ஊத்திச்செண்டா, நீங்கள் வந்து தோய்ச்சுக் குடுப்பியளே, மிஸ்?"

"வாட்டிப்போட்டுச் சுத்துங்கோ அண்ணை. கிழியாது."

"லஞ்ச் சீற்றை வாட்டத் தேவையில்லைப் பாருங்கோ."

"அதைத் திண்டுபோட்டுத்தான் உங்கை மாடு வயிறூதி நிண்டது."

கடை முன் வாங்கிலில் குந்தியிருந்த ஒருவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "அண்ணை மாட்டுக்கும் ஒரு பார்சல் கட்டுறவர். அதைக் கெடுக்காதேங்கோ, மிஸ்."

கடைசியில் அவரை இணங்க வைத்தது என் பேச்சல்ல. இலையை நாள் தவறாமல் கொண்டுவந்து கொடுக்க ஒருவர் கிடைத்ததுதான். ஊரின் மூன்று கடைகளுக்கும் இடியப்பம் அவிக்கும் அக்காவின் கணவர் வாழைத் தோட்டக்காரர். மனைவி இடியப்பத் தட்டைக் கொண்டுவரும்போது அவர் இலைக் கட்டைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து மற்ற இரண்டு கடைகளும் மாறின. நான் நினைத்ததெல்லாம் நடப்பதுபோல் இருந்தது.

பிளாஸ்ரிக் சேர்ப்பதில் நான் கண்டிப்பு. மீன் செதிலும் தயிரும் ஒட்டியவற்றை வண்டிக்காரர் ஏற்றமாட்டார் என்பதால், என் கையால் ஓர் அறிவித்தல் எழுதி ஐந்து இடங்களில் ஒட்டினேன். "எந்தப் போத்தலாயினும் மூன்று தரம் கழுவி, லேபலை அகற்றி, காயவைத்து, மூடியைத் தனியாகக் கட்டித் தரவும். கழுவாதவை ஏற்கப்படமாட்டா." சனம் சிரித்தது. "தபாற்கந்தோர் மிஸ்ஸுக்குக் குடுக்கிறதெண்டா முத்திரையும் ஒட்டவேணும்" என்றார்கள். ஆனாலும் கழுவினார்கள். கழுவுவது எங்கள் ஊரில் எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதல்ல.

ஓகஸ்ட் மாதச் சேகரிப்பில் அந்தத் தோட்டக்கார அண்ணை ஓர் உரப்பை கொண்டுவந்தார். உள்ளே பூச்சிமருந்துப் போத்தல்கள். வரம்போரம் எறியப்பட்டுக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார். சேறும் மருந்து நாற்றமும். அவர் பெருமையோடு நிற்க, நான் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"கழுவிக் கொண்டு வாங்கோ அண்ணை. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. "மருந்துப் போத்தல் 31. அழுக்கு. திருப்பி அனுப்பினேன்." என் கையெழுத்து மிகத் தெளிவானது.

செப்டெம்பர் மூன்றாம் திகதி அவர் அதே முப்பத்தொரு போத்தல்களையும் கொண்டுவந்தார். ஒன்றில்கூடச் சேறில்லை, லேபல் இல்லை, மணமும் இல்லை. மூடிகள் ஒரு நூலில் கோத்த மாலையாக இருந்தன.

"முகம் பாத்துத் தலை வாரி இழுக்கலாம், மிஸ்," என்றார்.

எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஒரு போத்தலை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டினேன். "இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். அவர் வெட்கத்தில் சாரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

ஒன்பது நாற்பதுக்கு அவருடைய தொலைபேசி அடித்தது. மனைவியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"கெதியிலை வாங்கோ. கிணத்துக்கை மீனெல்லாம் செத்துப்போய்க் கிடக்குது."

அது நான்கு வீடுகளின் பங்குக் கிணறு. அந்த நான்கு வீடும் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். அக்கா இடியப்பத்துக்கு மாக் குழைப்பதும் அதே தண்ணீரில். நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஊரில் பெயர். வேறு கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் மா இப்படிச் சேராது என்பார் அவர்.

நாங்கள் போனபோது நான்கு வீட்டாரும் கிணற்றுக் கட்டைச் சுற்றி நின்றார்கள். குனிந்து பார்த்தேன். மழைக்கு முந்திய மாதம். தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகச் சுகாதாரப் பகுதியினர் ஊர்க் கிணறுகளிலெல்லாம் விட்ட மீன்கள் அவை. வயிறு மேலே தெரிய, ஒரு பக்கச் சுவரோடு ஒதுங்கிக் கிடந்தன. எண்ணினேன். பதினான்கு. எனக்கு எதைக் கண்டாலும் எண்ணுகிற பழக்கம். 

கிழக்கு வீட்டுக்காரர் கிணற்றுக் கட்டை விட்டு இரண்டடி விலகி நின்றார். தோட்டத்துக்கு இறைக்கும் முறை நாளைப் பற்றி அவருக்கும் மற்ற மூன்று வீட்டுக்கும் இரண்டு வருடமாகச் சண்டை. எல்லாருடைய கண்ணும் அவர் மேலேயே இருந்தது.

"ஆர் செய்ததெண்டு சொல்லத் தேவையில்லை," என்றார் தோட்டக்கார அண்ணை. "போன கிழமையும் 'இந்தக் கிணத்தை நானும் குடிக்கேலாது நீயும் குடிக்கேலாது' எண்டு நிண்டவர் தானே."

"வாயை அளந்து கதை. அது மோட்டருக்குச் சொன்னது."

"மோட்டருக்கே மருந்தடிச்சனீ?"

"எடேய், நான் காலமை உந்தத் தண்ணியிலைதான் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சனான். நஞ்சைப் போட்டுட்டு ஆரும் தேத்தண்ணி வைப்பினமே? உனக்கு மண்டைக்குள்ளை மாவே கிடக்குது?"

"பொலிஸுக்கு அடியுங்கோ" என்றது ஒரு பெண் குரல். யாரோ தொலைபேசியை எடுத்தும்விட்டார்கள். அக்கா மட்டும் இரண்டு கையையும் கட்டின்மேல் ஊன்றி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு காலை நகர்த்தினேன். செருப்பில் ஏதோ ஒட்டியது. கிணற்றடி வாய்க்காலில், ஊறிச் சுருண்ட கடதாசிகள் ஒரு சிறு குவியலாகக் கிடந்தன. லேபல்கள். என் அறிவித்தல்படி உரித்து எடுக்கப்பட்டவை. காலில் ஒட்டியதை எடுத்து விரித்தேன். மூன்று மொழியிலும் பொடி எழுத்து. தமிழ் வரியில் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் படித்தேன். மீன்களுக்கு நஞ்சு. கிணறு, குளம் அருகே கழுவ வேண்டாம். வெறும் போத்தலைத் தோட்டத்திலேயே அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள் ஊற்றித் தெளிக்கவும்.

வாசிக்காமல் எந்தக் கடதாசியையும் கீழே வைக்காதவள் என்று என்னைச் சொல்வார்கள். முப்பத்தொரு போத்தலில் ஒன்றைக்கூட நான் படித்திருக்கவில்லை. படிக்க இருந்ததை உரித்து எறியவும் நானே சொல்லியிருந்தேன்.

"அண்ணை," என்றேன்.  "போத்தலை எங்கை கழுவினீங்கள்?"

"இங்கைதான். நேற்றுப் பின்னேரம்."

"எதாலை?"

"கிணத்து வாளியாலை. வாளிக்குள்ளை போட்டு நல்லாக் குலுக்கினனான். நீங்கள் சொன்ன மாதிரி மூண்டு தரம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "ஒவ்வொரு தரமும் ஊத்திக் கவிட்டுப்போட்டுத்தான் வாளியைத் திரும்பக் கிணத்துக்கை விட்டனான், மிஸ். சத்தியமா."

கட்டின்மேல் அந்த வாளி இருந்தது, கயிறோடு. பால்போல் ஒரு படை அதன் உட்புறத்தில் காய்ந்திருந்தது.

நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கிழக்கு வீட்டுக்காரர் ஒண்டும் செய்யேல்லை. இவரும் செய்யேல்லை. கழுவச் சொன்னது நான். போன மாசம் கழுவாமல் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினதும் நான்."

தொலைபேசியை எடுத்தவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கிழக்கு வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நான் குடிச்ச தேத்தண்ணி?"

 அவருடைய மனைவி ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ பிடிக்க ஓடினார். ஓட்டோவில் ஏறும்போதும் கிழக்கு வீட்டுக்காரர் விடவில்லை. "கிணத்துக்கு முறைநாள் கேட்டால் நஞ்சுக்கும் முறைநாள் தாறியள்!"

ஓட்டோ திரும்பும் சத்தத்தில்தான் அக்கா நிமிர்ந்தார்.

"தங்கச்சி, இடியப்பம்," என்றார்.

மூன்று கடைகள். ஞாயிற்றுக்கிழமை. என் வயிற்றுக்குள்ளேயே ஆறு இடியப்பம். என் சொல்லைக் கேட்டு வாழையிலையில் சுற்றப்பட்டவை. 

"எந்தத் தண்ணியிலை குழைச்சனீங்கள் அக்கா?"

"மேலை ராங்கில் இருந்த தண்ணி."

"ராங்க் எப்ப நிரப்பினது?"

"நேற்று... மத்தியானம் கறண்ட் வந்த உடனை. ஒரு மணி இருக்கும்."

"அண்ணை கழுவத் தொடங்கினது?"

"நாலரைக்குப் பிறகு," என்றார் அவர். "தோட்டத்தாலை வந்துதான்."

ஒரு மணி, நாலரை. இரண்டையும் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதையே சொன்னார்கள். மற்ற இரண்டு வீட்டாரும் முதல்நாள் மத்தியானம் ராங்கில் நிரப்பியதைத்தான் எடுத்திருந்தார்கள். அப்போதுதான் அக்கா நிலத்தில் உட்கார்ந்து அழுதார்.

சுகாதாரப் பரிசோதகருக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். ஒருவரும் குடிக்க வேண்டாம், நாளை வந்து மாதிரி எடுக்கிறேன், அதுவரை இறைக்கவும் வேண்டாம் என்றார். நான்கு வீட்டு ஆண்களும் அதற்குள் மோட்டரைப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். கிணறு பழுதானால் இறைத்து விடுவதுதான் எங்கள் வழக்கம். கலங்கினாலும், பூனை விழுந்தாலும், இறைத்தால் சரி.

"எங்கை இறைக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்கு" என்று ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே நிறுத்தினார். தோட்டத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது ஓட்டையும் பிளவுமான சுண்ணாம்புக்கல். இங்கே ஊற்றினால் அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். வீதிக்கு விட்டால் அதற்கடுத்ததற்கு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைப் பார்த்தார்கள். எந்தத் திசையிலும் ஒரு கிணறு இருந்தது. நான் ஐம்பத்திரண்டு வருடமாக இந்த மண்ணில் நடக்கிறேன். ஊற்றுவதற்கு ஓர் இடமில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மோட்டரைக் கழற்றி வைத்தார்கள்.

பின்னேரம் ஐந்து அறிவித்தல்களையும் கழற்றினேன். கடைசி, சந்திக் கடையில். பசை இறுகிப்போயிருந்தது, நகத்தால் சுரண்டினேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் முழுக்கக் கதை போயிருந்தது.

"மிஸ், கிழக்கு வீட்டான் ஆஸ்பத்திரியாலை வந்திட்டான். பெரிசா ஒண்டுமில்லையாம். சத்தி எடுத்தா வரச் சொல்லி விட்டவையாம். வந்த உடனை முதல் வேலையா உங்களைத்தான் ஏசினவன்."

"ஏசட்டும்."

"நாளைக்கு இடியப்பம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்." தானும் ஒரு முனையைச் சுரண்டிக்கொண்டு சொன்னார்: "இலை வேண்டாமெண்டு சொல்லேல்லை. தண்ணிதான் பயம்."

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அரித்து வறுத்த மா, மூடிய சட்டியில் அப்படியே இருந்தது. கணவர் வாசற்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். நான் வந்ததும் எழும்பி, "நான் வடிவா வாசிச்சிருக்க வேணும், மிஸ்" என்றார். அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"கிணறு சரிவருமட்டும் என்ரை கிணத்திலை அள்ளுங்கோ," என்றேன் அக்காவிடம். "நாளைக்கு விடியவே தண்ணிக் கானோடை வாங்கோ."

"உன்ரை தண்ணி உவர், தங்கச்சி. மாச் சேராது."

"முயற்சி செய்து பாப்பம்."

அவர் மாச் சட்டியின் மூடியை இறுக்கி வைத்தார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழுந்தேன். முற்றம் கூட்டவில்லை, முகம் கழுவவில்லை. முதல் வேலையாக டோர்ச்சை எடுத்துக்கொண்டு என் கிணற்றடிக்குப் போனேன். அக்கா ஏற்கெனவே படலையடியில் நின்றார், கையில் இரண்டு கான்களோடு. அவர் கணவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால். நான் கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து வெளிச்சத்தைக் கீழே அடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது.

"மீன் கிடக்கே?" என்றார் அக்கா.

காத்திருந்தேன். வெளிச்சத்தின் ஓரத்தில் ஏதோ சுழித்தது. பிறகு இன்னொன்று. ஐந்து வரை எண்ணினேன்.

"கிடக்குது அக்கா. உயிரோடை."

கட்டின்மேலிருந்த வாளியை எடுத்து, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கிணற்றுக்குள் விட்டேன்.