அட்டைப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்

இந்த நினைவு மலரின் முன்னட்டையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டியை ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்பவர் எங்கள் அப்பா. அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பக்கத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுதினால் அது பாதிக் கதை. அப்பாவே அதை ஒப்பமாட்டார்.

இலங்கையின் மானிப்பாயில் மூத்த பிள்ளையாகப் பிறந்த அப்பா, போர் துரத்த அகதியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். முகாமில் டேனிஷ் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை, விபோர்க் நகருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஸ்ட்ரோபெரி ஆய்வது, அதாவது பழம் பறிப்பது. முதுகு நிமிர்த்த விடாத வேலை. அந்தத் தோட்டத்திலேயே வேலையாட்களை நடத்தும் போர்மன் ஆனார். எங்களோடு கடைக்கு வந்தாலும் பழப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "காம்பில்லாமல் இழுத்திருக்கிறாங்கள்" என்று ஏசிவிட்டுத் திரும்ப வைப்பார். வாங்கமாட்டார். எங்களுக்கு மானம் போகும்.

பிறகு பிறகு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தங்கள் நாட்டிலேயே வேலை கிடைத்தது. டேனிஷ் பிள்ளைகள் ஒருநாள் வந்தால் மறுநாள் இல்லை. எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நானே கந்தோரில் கதிரையில் இருந்து எழுத்து வேலை பார்ப்பவள். இலங்கை போன்ற நாடுகளிலிருந்து பருவ வேலைக்கென்று ஆளெடுக்க இங்கே அனுமதி கிடையாது. பழம் வரிசையிலேயே அழுகியது. சபையில் போதகர் செப விண்ணப்பம் கேட்கும்போதெல்லாம் அப்பா எழும்பி, "எங்கடை தோட்டத்துக்கு ஆள் கிடைக்கச் செபியுங்கோ" என்பார். சபையும் செபித்தது.

கிடைத்த ஆள், அப்பாவின் தங்கையின் மகன், என் மச்சான். ஊரில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவர். விவசாய மாணவர்கள் வந்து தொழில் பழகுவதற்கென்று ஒரு பயிற்சி அனுமதி உண்டு. அப்பா முதலாளியோடு கதைத்து அதிலே அவரை அழைத்தார். கண்ணாடிக்கூடம், நாற்று, ஒட்டுக்கட்டுதல் எல்லாம் பழக்குவதாக மாமிக்கு வாக்குக் கொடுத்தார். வந்த நாள் முதல் மச்சான் பழம்தான் ஆய்ந்தார்.

கோடை தொடங்கியபோது வேறொரு தோட்டம் அவரை எடுக்கச் சம்மதித்தது. அனுமதி எங்கள் தோட்டத்துக்கு மட்டுமே உரியது. மாறுவதென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவர் கேட்டார்.

"மாமா, அங்கை ஆப்பிள் ஒட்டுக்கட்டப் பழக்குவினமாம். நான் போகட்டே?"

"சீசன் முடியட்டும் தம்பி. நீயும் போனா ஆர் பழம் ஆயிறது? செபிச்சுக் கிடைச்ச ஆளை நான் எப்பிடி விடுறது?"

"ஓம் மாமா" என்றார். மாமன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வேறென்ன சொல்வது?

இலையுதிர் காலத்தில் சபையில் அறுவடைப் பண்டிகை. அப்பா பழப்பெட்டியை ஏந்திக்கொண்டு, மச்சானை அருகில் நிறுத்தி, செபத்துக்குக் கிடைத்த பதில் இவர்தான் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்; படமும் எடுத்தோம். அதற்குள் அந்த மற்றத் தோட்டம் வேறொருவரை எடுத்துவிட்டது. மச்சான் குளிர்காலம் முழுக்கப் பெட்டி கழுவி, அனுமதி முடிய ஊருக்குப் போனார். பழம் ஆய்ந்ததைப் பயிற்சி என்று கல்லூரி ஏற்கவில்லை.

"பிள்ளை படிக்கவெண்டுதானே அண்ணை உங்களிட்டை விட்டனான்" என்றார் மாமி தொலைபேசியில். அதன்பின் சபையில் விண்ணப்பத்துக்கு அப்பா எழும்பவே இல்லை. பருவ வேலைக்கு அனுமதி வேண்டுமென்று முதலாளிமார் கேட்கும் செய்தி வந்தால் மட்டும், "அது வந்தா நல்லம். வாறவனுக்கு என்ன வேலையெண்டு முதலே உண்மையைச் சொல்லலாம்" என்பார். இரக்கமுள்ள மனிதர், எத்தனையோ பேருக்கு வேலை பழக்கியவர், சொந்த மருமகனிடம் பொய்யரானார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் இருந்தபடி என்னை மச்சானுக்கு அழைப்பெடுக்கச் சொன்னார்.

"தம்பி, நான் உனக்குப் பிழை விட்டிட்டன்."

"இப்ப ஏன் மாமா அதுகளைக் கதைக்கிறியள்? சாப்பிட்டியளே?"

பேசி முடிய அப்பா என்னைப் பார்த்தார். "மன்னிச்சிட்டன் எண்டு அவன் சொல்லேல்லை, என்ன?"

"சாப்பிட்டியளே எண்டு கேட்டவரெல்லோ, அப்பா" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பாவைப் பராமரித்த தாதியர், செபித்த சபையார், இறுதி நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து சவப்பெட்டியைச் சுமந்த தோட்டத்து நண்பர்கள், சமைத்துத் தந்த அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அட்டைக்கு என் தம்பி அந்த அறுவடைப் பண்டிகைப் படத்தைத்தான் தெரிந்தெடுத்தான். அப்பாவை மட்டும் வைத்து மற்றதை வெட்டப் போனவனை அம்மா தடுத்தார். "வெட்டாதை. அந்தப் பழம் அவன் ஆய்ஞ்சது." மச்சானிடம் சம்மதம் கேட்டேன். "மாமா வடிவாச் சிரிக்கிறார், போடுங்கோ. என்ரை பேரை மட்டும் போடவேண்டாம்" என்று பதில் வந்தது.

அதனால்தான் இக்கட்டுரையில் அவர் பெயர் இல்லை. படத்தில் அவர் சிரிக்கவில்லை. அன்று கை தட்டிய எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. மச்சான், எங்களை மன்னியுங்கோ.

மகள்
விபோர்க்