வலிக்கு அக்கா சொன்ன எண்

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஆறு வாரம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடமே.

சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகக் காலர் தைப்பவள் அவள். அதே வரிசையில் நான் பித்தான் வைக்கிறேன். போன வருஷம் அவள் விரல் மூட்டுகள் வீங்கின. மூட்டு அழற்சி என்றார்கள். காலையில் விரல் மடங்காது. தலைகூட நான்தான் வாரிவிட வேண்டும். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது, தையல் கோணல்மாணலாகப் போனது. 'விசில்' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் சூப்பர்வைசர் அவளைத் துணி அடுக்க அனுப்பிவிட்டார். ஆறு வாரத்தில் கை சரியென்று டாக்டர் கடிதம் வந்தால் மெஷின், வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"மெஷின் போச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?" என்று அன்று அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் ஒளி சிகிச்சைக்குப் போனோம். வாரத்துக்கு இரண்டு முறை. திரை போட்ட சின்ன அறை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு மூட்டிலும் டாக்டரம்மா ஒரு கருவியை வைத்துச் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சுவார். சூடுகூடத் தெரியாது. "டார்ச் அடிக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். ஆனால் திரும்பும்போது பஸ் கம்பியை அக்கா தானே பிடித்துக்கொள்வாள். இரண்டு மணி நேரம் அப்படி இருக்கும். அப்புறம் பழைய கதைதான்.

ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா, "பத்துக்கு வலி எவ்வளவும்மா?" என்று கேட்பார். முதல் நாள் எட்டு என்றாள். பிறகு ஏழு, ஐந்து, நான்கு. விரல் மடங்காவிட்டாலும் வலியாவது குறைகிறதே என்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசி நாள், "ரெண்டு" என்றாள். டாக்டரம்மா மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். அக்கா முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"நல்லா கேட்டிருக்கு. இனிமே லைட் வேண்டாம், இன்னைக்கே நிறுத்திடலாம். கடிதம் அடிக்கச் சொல்றேன், வெளிய உக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"நிறுத்திட்டாங்களேடி."

"வலி போச்சுன்னா நிறுத்தத்தானே செய்வாங்க?"

"எங்க போச்சு? அதே எட்டுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குக் கொறச்சுக் கொறச்சுச் சொன்ன?"

"நம்ம மெஷின் மேல போர்டு இருக்குல்ல? தப்புத் தையல் எண்ணிக்கை கொறயலன்னா ஆளையே தூக்கிடறாங்க. இங்கயும் எண்ணு கொறயலன்னா லைட்டை நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். அந்த ரெண்டு மணி நேரமாவது கெடைக்குமேன்னு..."

பாவி, இப்படியும் ஒருத்தி இருப்பாளா? வந்த கோபத்தில் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கையெழுத்துப் போடவிருந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் திட்டவில்லை.

"பரவாயில்லம்மா. லைட்டோட அளவை மாத்தி மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா வலி இருந்தா இந்தக் கடிதத்தை இப்ப தர முடியாது. உண்மையச் சொல்லுங்க, எவ்வளவு?"

மறுநாளோடு விசில் கொடுத்த கெடு முடிகிறது. அக்கா மேஜையில் கிடந்த கடிதத்தையே பார்த்தாள். சொல்லித் தொலையேன் என்று அவள் முழங்கையை இடித்தேன்.

"ரெண்டுதாங்க. இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா மூட்டுகளை மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார். அன்று வெளிச்சம் வைக்கவில்லை. அக்காவுக்கு விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவில் காகிதத்தை இடுக்கி வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்கும்மா இவ்வளவு மரியாதை?" என்று டாக்டரம்மா சிரித்தார்.