வியாழக்கிழமையே வந்த வெள்ளிக்கிழமைக் கடிதம்

நேற்று மகளுடைய புது லேப்டாப்பில் ஓ.எஸ். ஏற்றினேன். எந்த ஊர், எந்த நேரம் என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைஃபையைப் பிடித்தது, தானாகவே இந்திய நேரத்துக்கு வந்து நின்றது. இவ்வளவு சமர்த்தா என்று வாயைப் பிளந்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்த ஒரு கேள்வியில் கோட்டைவிட்டவன் நான்.

பெட்டியின் தெர்மாகோல் வாசனை என்னைப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு இழுத்துப் போனது. அங்கேதான் என் முதல் வேலை. சிடியைப் போட்டால் முக்கால் மணி நேரம் ஓடும். நடுவில் ஓர் உலகப் படம் வந்து, எந்த நாட்டு நேரம் வேண்டும் என்று கேட்கும். எங்களில் யார் அதைப் படித்தோம்? அது தானாகக் காட்டும் அமெரிக்காவுக்கே 'நெக்ஸ்ட்' அமுக்கிவிட்டு, கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை மாற்றிவிடுவோம். மணி சரியாகத்தான் காட்டும். கம்ப்யூட்டர் மட்டும் மனசுக்குள் அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருக்கும். வருகிற மெயிலுக்கெல்லாம் அந்த ஊர்க் கணக்கில்தான் தேதி போடும்.

அப்படி நான் போட்டுக்கொடுத்ததில் ஒன்று வரதராசன்பேட்டை அந்தோணி சாருடையது. ஓய்வுபெற்ற வாத்தியார். மகள் ஸ்டெல்லா குவைத்தில் நர்ஸ். அவளுடைய மெயிலுக்காகவே கம்ப்யூட்டர் வாங்கியவர். நாலு மாதம் கழித்துக் கடைக்குப் போன் செய்தார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்தேன்னு எழுதறா. தேதியப் பாத்தா வியாழக்கெழம ராத்திரின்னு இருக்கு. அவ புளுகறாளா, உங்க பொட்டி புளுகுதா?”

குவைத்தில் வெள்ளிதான் லீவு, பூசையும் அன்றைக்குத்தான். அடுத்த வெள்ளி அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிப் புழுதியோடு போய் இறங்கினேன். உலகப் படத்தைத் திறந்தேன். அமெரிக்கா! பட்டியலில் சென்னையைத் தேடி அமுக்கி, மணியையும் திருத்தி, மெயிலைத் திறந்தேன். நாலு மாத மெயில்களின் தேதியும் மணியும் ஒட்டுமொத்தமாக நகர்ந்திருந்தன. வியாழன் இரவுகள் எல்லாம் வெள்ளி மதியங்களாகிவிட்டன. எனக்குப் புல்லரித்தது.

சார் மேலே இருந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னண்டரைன்னு போட்டிருக்கு. இப்ப பன்னண்டே முக்கா. இப்பதான் எழுதினாளா?”

“ஆமா சார். அனுப்புன நிமிஷமே வந்துடும்.”

“கடல் தாண்டி வர அரை நாள் ஆகுதுன்னுல்ல நெனச்சேன்...”

மெயிலின் கடைசி வரியைக் காட்டினார். 'அப்பா, பதில் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.' எல்லா மெயிலிலும் அதே வரி இருந்தது. நம் கைக்கு வருவதற்குள் போயிருப்பாள் என்று, சார் சாவகாசமாக மறுநாள் பதில் எழுதியிருக்கிறார். நாலு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பெண் ஏதோ ஒரு நெட் சென்டரில் காத்திருந்து, எழுந்து போயிருக்கிறாள்.

ஒற்றை விரலால் சார் தட்டினார்: 'இருக்கேம்மா.'

மூன்று நிமிடம் ஆயிற்று. ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'அப்பா?'

“ரீட்டா, ஓடியா!” என்று சமையலறைப் பக்கம் மனைவியைக் கூப்பிட்டார். “புள்ள இருக்கா! இந்த நிமிஷம் அங்க இருக்கா!”

எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி ஒருத்தி அதே நொடியில் நிமிர்ந்து உட்கார்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது. தினமும் அந்தப் பெட்டிகளோடு புழங்கியவன், அதை உணராமலே இருந்திருக்கிறேன். 'நெக்ஸ்ட்' அமுக்கியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ரீட்டாம்மா காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி, சரியாக இருக்கிறது என்று தெரிந்தும், செட்டிங்கில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்த உலகப் படம் இப்போது வருவதே இல்லை. அன்றைய தப்பை ஒப்புக்கொள்ளலாம் என்றால் அந்தோணி சாரும் இப்போது இல்லை.